ஆங்கிலம் அறிவோம்: வாக்கும் ஊகமும் ஏக்கமும்

 

"இவ்விதழ் தங்கள் கரங்களை வந்தடையும் வேளையில் ரமளான் பிறை பிறந்திருக்கும்." மாத இதழ்களில் இத்தகைய வாக்கியத்தை நீங்கள் பலமுறை படித்திருப்பீர்கள். எழுதுகின்றவர் ஷஅபான் மாதத்தில் அமர்ந்து எழுதுகிறார். பிறை இன்னும் தென்படவில்லை. ஆயினும் அவர் மனத்தளவில் சில நாட்கள் முன்னே சென்று, நீங்கள் இதழைப் பிரிக்கின்ற அந்த நாளில் நின்றுகொண்டு, அங்கிருந்து பின்னோக்கிப் பார்க்கிறார். அப்படிப் பார்க்கும்போது, இன்று வரவிருக்கும் பிறை அன்று வந்து முடிந்த செய்தியாகிவிடுகிறது. ஆகவே "பிறக்கும்" என்றும் எழுதாமல், "பிறந்தது" என்றும் எழுதாமல், "பிறந்திருக்கும்" என்று எழுதுகிறார்.

இந்தப் "பிறந்திருக்கும்" என்பதைத்தான் ஆங்கில இலக்கணத்தார் ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் என்கின்றனர். நாம் அதனை எதிர்கால நிறைவு என்று வழங்கலாம். "பிறந்திருக்க" என்னும் எச்ச வடிவம் பெர்ஃபெக்ட் இன்ஃபினிடிவ் எனப்படும். அதனை நிறைவு எச்சம் என்போம். இவ்விரண்டையும் இம்மாதம் ஒருசேரக் கற்போம்.

கற்பதற்கு முன் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். தமிழில் "செய்திருப்பார்", "செய்திருக்க வேண்டும்" என்னும் சொற்கள் மூன்று வேலைகளைச் செய்கின்றன. ஒருசமயம் அவை வாக்குறுதி, ஒருசமயம் ஊகம், ஒருசமயம் நடவாமற்போனதைப் பற்றிய ஏக்கம். நேரிற் பேசும்போது குரலும் முகமும் எது என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆங்கிலத்திலோ, அதிலும் எழுத்தில், இம்மூன்றுக்கும் வெவ்வேறு சொற்கள் உண்டு. எதைச் சொல்ல வந்தோம் என்று நாமே தெளிந்தபின்தான் பேனாவை எடுக்க இயலும். வேலைக்கான விண்ணப்பம், நிறுவனத்துடன் செய்துகொள்ளும் ஒப்பந்தம், காவல் நிலையத்தில் தரும் புகார் ஆகியவற்றில் இந்தத் தெளிவு இல்லாவிடில் ஊதியமும் போகலாம். ஒருவருடைய மானமும் போகலாம்.

வடிவம்

எதிர்கால நிறைவின் அமைப்பு மிக எளிது. 'வில்' என்னும் சொல், அடுத்து 'ஹேவ்', அதன்பின் வினைச்சொல்லின் மூன்றாம் வடிவமாகிய பாஸ்ட் பார்ட்டிசிபிள். 'ஐ வில் ஹேவ் ரிட்டன்' என்றால் "நான் எழுதியிருப்பேன்". 'ஷீ வில் ஹேவ் ரிட்டன்' என்றால் "அவள் எழுதியிருப்பாள்".

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. 'ஹீ ஹேஸ்' என்று படித்த பழக்கத்தால் 'ஹீ வில் ஹேஸ் ரிட்டன்' என எழுதிவிடுகின்றனர். 'வில்' என்னும் துணைவினைக்குப் பின் எச்சொல் வந்தாலும் அது தன் மூல வடிவில்தான் நிற்கும். 'ஹீ வில் கோ' என்கிறோம்; 'ஹீ வில் கோஸ்' என்பதில்லை. அதுபோல எந்த எழுவாய்க்கும் 'வில் ஹேவ்' மட்டுமே வரும்.

முற்காலப் பாடநூல்கள் 'ஐ', 'வி' என்பவற்றுக்கு 'ஷல்' என்றும் மற்றவற்றுக்கு 'வில்' என்றும் வகுத்தன. இன்று பேச்சிலும் கடிதத்திலும் எல்லாவற்றுக்கும் 'வில்' போதும். ஆயினும் சட்டங்களிலும் ஒப்பந்தங்களிலும் 'ஷல்' இன்னும் வாழ்கிறது. அங்கே அது வெறும் எதிர்காலத்தைக் குறிப்பதன்று, கடமையை விதிப்பது. ஒப்பந்தத்தில் 'ஷல்' என்னும் சொல்லைக் கண்டால் அவ்விடத்தில் நின்று இருமுறை படியுங்கள்.

எதிர்மறை வேண்டுமாயின் 'ஐ வில் நாட் ஹேவ் ரிட்டன்'; சுருக்கமாக 'ஐ வோண்ட் ஹேவ் ரிட்டன்'. வினா வேண்டுமாயின் 'வில் யூ ஹேவ் ரிட்டன்?' செயப்பாட்டுவினை வேண்டுமாயின் இடையில் 'பீன்' சேரும். 'த லெட்டர் வில் ஹேவ் பீன் சென்ட்', அதாவது "கடிதம் அனுப்பப்பட்டிருக்கும்".

அரபு இலக்கணம் கற்ற மதரஸா மாணவர்களுக்கு இது மேலும் எளிது. 'ஸயகூனு கத்' என்று தொடங்கி அதன்பின் இறந்தகால வினையை வைக்கும் அமைப்பு இன்றைய அரபு உரைநடையில் உண்டல்லவா? அதே கருத்துத்தான் இதுவும்.

எல்லை நாள்

'ஐ வில் ஃபினிஷ் ஆன் ஃப்ரைடே' என்றால் முடிக்கும் செயல் வெள்ளிக்கிழமையன்று நிகழும். 'ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட் பை ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கிழமை வரும்போது வேலை முடிந்து கிடக்கும். புதனன்றே முடிந்திருக்கலாம், வியாழன் இரவும் முடிந்திருக்கலாம். முடிகிற நாள் எது என்பது பேச்சன்று; வெள்ளியைத் தாண்டாது என்பதே பேச்சு. எனவே எதிர்கால நிறைவுக்கு ஓர் எல்லை நாள் இன்றியமையாதது. அந்த எல்லையை 'பை' என்னும் சிறு சொல் காட்டும்.

'பை' என்பதையும் 'டில்' என்பதையும் குழப்பிக்கொள்ளலாகாது. "வெள்ளிக்குள்" என்பது 'பை ஃப்ரைடே'. "வெள்ளிவரை" என்பது 'டில் ஃப்ரைடே'. "வெள்ளிக்குள் பணத்தைத் தந்துவிடுவேன்" என்னும் பொருளில் 'ஐ வில் பே டில் ஃப்ரைடே' என்று எழுதினால், வெள்ளிவரை நாள்தோறும் கொடுத்துக்கொண்டே இருப்பேன் என்று பொருள்படும். கடன் கொடுத்தவர் மகிழலாம். எழுதியவர் பாடு திண்டாட்டம்.

ரமளானில் திருக்குர்ஆன் ஓதுவதை வைத்து இதனைப் பயில்வோம். நாளொன்றுக்கு ஒரு ஜுஸ்உ ஓதுவதாக ஒருவர் நிய்யத் வைக்கிறார். பத்தாம் நாள் இரவில் 'ஐ வில் ஹேவ் ரிசைட்டட் டென் ஜுஸ்உஸ்', "பத்து ஜுஸ்உகள் ஓதியிருப்பேன்". இருபதாம் நாளில் இருபது. மாதத்திற்கு 30 நாட்கள் கிடைத்தால் 'பை த எண்ட் ஆஃப் ரமதான் ஐ வில் ஹேவ் ரிசைட்டட் த ஹோல் குர்ஆன்'. பிறை 29இல் தென்பட்டுவிட்டால்? அப்போது 'ஐ வோண்ட் ஹேவ் ரிசைட்டட் த லாஸ்ட் ஜுஸ்உ'. ஆகவே விவரமுள்ளவர் இடையில் ஒரு நாள் இரண்டு ஜுஸ்உ ஓதி வைத்துக்கொள்வார். எல்லை நாளை எண்ணி வேலை செய்வதுதான் இந்தக் காலத்தின் உயிர்.

எவ்வளவு காலமாக ஒரு செயல் தொடர்ந்து நடந்து வந்திருக்கும் என்று சொல்ல வேண்டுமாயின் 'வில் ஹேவ் பீன்' என்பதோடு 'இங்' வடிவம் சேரும். 'ஆன் த ட்வென்டியத் நைட் ஐ வில் ஹேவ் பீன் ரிசைட்டிங் ஃபார் ட்வென்டி டேஸ்', "இருபதாம் இரவில் நான் ஓதத் தொடங்கி இருபது நாட்கள் ஆகியிருக்கும்".

இன்னொரு கணக்கு. ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாட்களைக் கொண்டது. எனவே ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. ஆங்கில ஆண்டின்படி 33 வயது நிறையும் ஒருவர் ஹிஜ்ரிக் கணக்கில் 34 ஆண்டுகள் வாழ்ந்திருப்பார். 2030ஆம் ஆண்டில் ஜனவரித் தொடக்கத்தில் ஒரு ரமளானும், டிசம்பர் இறுதியில் மற்றொரு ரமளானும் பிறக்கும் என்பது வானியல் கணக்கு. எனவே 'பை த எண்ட் ஆஃப் 2030, டூ ரமதான்ஸ் வில் ஹேவ் பிகன் இன் ஒன் இயர்' என்று இப்போதே எழுதலாம். ஜகாத் கொடுப்போருக்கும் இது பயன்படும். நிஸாபை எட்டிய பொருளின்மீது சந்திர ஆண்டு ஒன்று நிறைந்திருக்க வேண்டும் என்பதல்லவா சட்டம்? முஹர்ரம் முதல் பிறையில் நிஸாபை அடைந்தவருக்கு அடுத்த முஹர்ரம் முதல் பிறையில் 'எ லூனார் இயர் வில் ஹேவ் பாஸ்ட்'. ஆங்கில நாட்காட்டியை நம்பிக் காத்திருந்தால் ஆண்டுதோறும் 11 நாட்கள் பிந்திவிடும்.

"நீங்கள் வரும்போது"

"நீங்கள் வரும்போது நான் சமைத்து முடித்திருப்பேன்" என்று ஓர் உம்மா தம் மகனிடம் சொல்கிறார். இதனை ஆங்கிலமாக்கும்போது 'பை த டைம் யூ வில் கம்' என்று எழுதத் தோன்றும். "வரும்" என்னும் நம் சொல் எதிர்காலத்தையும் குறிப்பதால் நேரும் பிழை இது. ஆங்கிலத்தில் 'பை த டைம்', 'வென்', 'பிஃபோர்' ஆகியவற்றால் தொடங்கும் துணைவாக்கியத்தில் 'வில்' வராது. நிகழ்கால வடிவமே எதிர்காலத்தையும் சுமக்கும். எனவே 'பை த டைம் யூ கம், ஐ வில் ஹேவ் குக்ட்' என்பதே சரி. ஒரு வாக்கியத்தில் ஒரு 'வில்' போதும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்கு

எல்லை நாளைச் சொல்லி, அதற்குள் முடிந்திருக்கும் என்று கூறுவது வாக்குறுதியாகும். "நிக்காஹ் நாளுக்கு மூன்று நாள் முன்னதாகவே உடுப்புகளைத் தைத்து முடித்திருப்பேன்" என்று தையற்காரர் சொன்னால், அந்த நம்பிக்கையின் பேரில் ஒரு குடும்பம் மற்ற வேலைகளைத் திட்டமிடுகிறது. செய்ய முயல்வேன் என்பது வேறு. செய்து முடித்திருப்பேன் என்பது வேறு. முன்னதற்கு 'ஐ வில் ட்ரை டு ஃபினிஷ்' என்று எழுதுங்கள். உறுதியாக முடியும் என்றால் மட்டுமே 'ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட்' என்று எழுதுங்கள். நாளைக்குச் செய்வேன் என்று சொல்லும்போது அல்லாஹ்வின் நாட்டத்தைச் சேர்த்துச் சொல்லும்படி கஹ்ஃபு அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. இன்ஷா அல்லாஹ் என்பது வாக்கைத் தளர்த்தும் சொல்லன்று. வாக்குக்குப் பாரம் சேர்க்கும் சொல்.

இந்தக் காலம் வளைகுடாவில் பணிபுரியும் நம் சகோதரர்களுக்கு எவ்வளவு பொருளுடையது என்பதைப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, தனியார் நிறுவனத்தில் முழுநேரப் பணியாற்றும் வெளிநாட்டவர் ஓராண்டுத் தொடர் பணியை நிறைவு செய்திருந்தால், பணி முடிவில் பணிக்கொடை பெறுவார். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படை ஊதியம். அதற்குமேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் அடிப்படை ஊதியம். சம்பளமில்லாத விடுப்பு நாட்கள் கணக்கில் சேரா. வீட்டுப் பணியாளர்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. அவர்களுக்குத் தனிச் சட்டம் உண்டு.

ஒருவர் 2023 ஜனவரி முதல் நாள் பணியிற் சேர்ந்தார் என்று கொள்வோம். ஓராண்டு நிறைவதற்கு ஒரு வாரம் இருக்கும்போதே அவர் பணியை விட்டால் 'ஹீ வில் நாட் ஹேவ் கம்ப்ளீட்டட் ஒன் இயர்'. பணிக்கொடை ஏதுமில்லை. மூன்று ஆண்டுகள் நிறைத்து 2025 டிசம்பர் இறுதியில் விட்டிருந்தால் 63 நாள் ஊதியம். அடிப்படை ஊதியம் மாதம் 3,000 திர்ஹம் எனில் நாளொன்றுக்கு 100 வீதம் 6,300 திர்ஹம். எனவே பணி விலகல் கடிதம் எழுதுமுன், நான் புறப்படும் நாளில் எத்தனை ஆண்டுகளை நிறைவு செய்திருப்பேன் என்று கேட்டுப் பாருங்கள். 'ஹவ் மெனி இயர்ஸ் வில் ஐ ஹேவ் கம்ப்ளீட்டட்?' இந்த ஒரு வினா எதிர்கால நிறைவில்தான் அமைகிறது.

ஊருக்குள்ளும் இதற்குப் பயனுண்டு. இறுதியாண்டு மாணவர்கள் சிலர், பட்டம் இன்னும் கைக்கு வரவில்லையே என்று வேலை விளம்பரங்களைப் பார்த்ததும் தள்ளி வைத்துவிடுகின்றனர். 'கேண்டிடேட்ஸ் ஹூ வில் ஹேவ் கம்ப்ளீட்டட் தேர் டிகிரி பை 30 ஜூன் மே அப்ளை' என்று விளம்பரத்தில் இருந்தால், இன்று முடித்திருக்க வேண்டியதில்லை. ஜூன் 30க்குள் முடித்திருந்தால் போதும். 'ஹூ ஹேவ் கம்ப்ளீட்டட்' என்று இருந்தாலோ, இப்போதே முடித்திருக்க வேண்டும். நடுவில் ஒரு 'வில்' இருப்பதும் இல்லாததுமே ஒரு வாய்ப்பைத் திறக்கிறது அல்லது மூடுகிறது.

ஊகம்

இக்கட்டுரையின் தொடக்கத்தில் "பலமுறை படித்திருப்பீர்கள்" என்று ஒரு சொற்றொடர் வந்தது. அதற்கு அடுத்தவரும் நாளுக்கும் தொடர்பில்லை. நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிய ஊகம் அது. ஆங்கிலத்திலும் இவ்வழக்கு உண்டு. மகனை விமான நிலையத்தில் விட்டு வந்த வாப்பா, கடிகாரத்தைப் பார்த்து "இந்நேரம் துபாய் போய்ச் சேர்ந்திருப்பான்" என்கிறார். 'ஹீ வில் ஹேவ் ரீச்ட் துபாய் பை நவ்'. வடிவம் எதிர்காலம், பொருள் ஊகம். இம்மட்டில் இரு மொழிகளும் கைகோத்துச் செல்கின்றன.

இதற்குமேல்தான் வழி பிரிகிறது. தமிழில் "போயிருப்பான்" என்னும் ஒரே சொல்லை உறுதியான ஊகத்திற்கும் வெறும் ஐயத்திற்கும் பயன்படுத்துகிறோம். ஆங்கிலம் அதனைப் படிகளாகப் பிரிக்கிறது. இங்கேதான் நிறைவு எச்சம் நமக்குத் தேவைப்படுகிறது. 'ஹேவ்' என்பதோடு மூன்றாம் வடிவம் சேர்ந்த அந்த எச்சத்திற்கு முன்னால் எந்தத் துணைவினையை வைக்கிறோமோ, அதற்கேற்ப உறுதி கூடும் அல்லது குறையும்.

சான்றுகள் வலுவாக இருந்து வேறு முடிவுக்கு வர இயலாதபோது 'மஸ்ட் ஹேவ்'. நடந்திருக்கலாம், நடவாமலும் இருக்கலாம் என்றால் 'மே ஹேவ்' அல்லது 'மைட் ஹேவ்'. நடந்திருக்கவே முடியாது என்றால் 'கான்ட் ஹேவ்'. 'மஸ்ட் ஹேவ்' என்னும் ஊகத்திற்கு எதிர்மறை 'மஸ்ட் நாட் ஹேவ்' அன்று, 'கான்ட் ஹேவ்' என்று கற்பதே நமக்குப் பாதுகாப்பு.

வீட்டில் ஒரு காப்பு காணவில்லை. வேலைக்கு வரும் பெண் அன்று அந்த அறையைப் பெருக்கினாள் என்பது மட்டுமே தெரியும். "அவள்தான் எடுத்திருப்பாள்" என்று வாய் சொல்லிவிடுகிறது. இதனை ஆங்கிலத்தில் புகாராக எழுதும்போது 'ஷீ மஸ்ட் ஹேவ் டேக்கன் இட்' என்று எழுதினால், என்னிடம் வலுவான ஆதாரம் உண்டு என்று சொன்னதாகிவிடும். 'ஷீ மே ஹேவ் டேக்கன் இட்' என்றாலும் ஒரு பெயர் சந்தேகத்திற்குள் வந்துவிடும். கண்டதை மட்டும் எழுத வேண்டுமாயின் 'ஷீ க்ளீன்ட் த ரூம் தட் மார்னிங்' என்பதோடு நிறுத்த வேண்டும். ஊகத்தில் பெரும்பகுதியைத் தவிர்க்குமாறு ஹுஜுராத் அத்தியாயம் முஃமின்களை விளித்துக் கூறுகிறது. அந்தக் கட்டளையைப் பேணுவதற்கு முதற்படி, நாம் சொல்வது கண்டதா, ஊகித்ததா, ஊகித்ததாயின் எந்த அளவுக்கு என்று நமக்கே தெரிவதுதான். 'மஸ்ட்', 'மே', 'கான்ட்' ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயம் அந்தக் கேள்வியை நம் முன் வைக்கிறது.

வேலை விளம்பரத்திலும் 'மஸ்ட் ஹேவ்' வரும். 'அப்ளிகன்ட்ஸ் மஸ்ட் ஹேவ் பாஸ்ட் த டென்த் ஸ்டாண்டர்ட்' என்றால் அது ஊகமன்று. "தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும்" என்னும் நிபந்தனை. 'ஹீ இஸ் ஸ்மைலிங். ஹீ மஸ்ட் ஹேவ் பாஸ்ட்' என்றால் ஊகம். இடம் நோக்கிப் பொருள் கொள்க.

"என்று கூறப்படுகிறது"

நிறைவு எச்சத்தின் முழு வடிவம் 'டு' என்பதோடு தொடங்கும். 'டு ஹேவ் ட்ராவல்ட்', "பயணம் செய்திருக்க". பிறர் சொல்லக் கேட்டதை, நாம் பொறுப்பேற்காமல் எடுத்துரைப்பதற்கு இது மிகவும் உகந்தது.

இப்னு பதூதா 1325இல் தாஞ்சியர் நகரை விட்டுப் புறப்பட்டு உலகைச் சுற்றியவர். மஅபர் என்று அரபியர் அழைத்த நம் கரைக்கும், மதுரைக்கும் வந்து சென்றவர். அவர் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்தார் என்பர். 'ஹீ இஸ் செட் டு ஹேவ் ட்ராவல்ட் மோர் தேன் எ ஹண்ட்ரட் தவுசண்ட் கிலோமீட்டர்ஸ்' என்று எழுதினால், செய்தியும் வந்துவிடுகிறது. அளந்து பார்த்தவர் நாமல்லர் என்பதும் விளங்கிவிடுகிறது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் 1642இல் பிறந்தார் எனக் கருதுவர். 'ஹீ இஸ் பிலீவ்ட் டு ஹேவ் பீன் பார்ன் இன் 1642'. இங்கே 'டு பி பார்ன்' என்று எழுதலாகாது. கருதுவது இன்று, பிறந்தது அன்று. முன்னே நடந்ததைப் பின்னே நின்று சொல்லும்போது 'டு ஹேவ்' வந்தே தீரும்.

ஹதீஸ் கலை பயின்றோருக்கு இது புதிதன்று. உறுதியான அறிவிப்பை எடுத்துரைக்கும்போது 'கால' (கூறினார்கள்) என்றும், பலவீனமானதைச் சுட்டும்போது 'ருவிய' (அறிவிக்கப்படுகிறது) என்றும் வேறுபடுத்தி எழுதுவது ஹதீஸ் அறிஞர்களின் நெறி. செயப்பாட்டு வடிவத்தைக் கொண்டே அறிவிப்பின் தரத்தை அவர்கள் உணர்த்தினர். ஒரு செய்தியைக் கேட்டவுடன் கைப்பேசியில் நூறு பேருக்கு அனுப்பிவிடும் இந்நாளில், 'ஹீ டிட்' என்பதற்கும் 'ஹீ இஸ் செட் டு ஹேவ் டன்' என்பதற்கும் உள்ள தொலைவை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று. ஆயினும், 'இஸ் செட் டு' என்று எழுதிவிட்டால் புறங்கூறலின் பாவம் நீங்கிவிடும் என்று எவரும் கருத வேண்டா!

மரியாதைச் சொற்களிலும் இந்த எச்சம் பயன்படும். ஒருவரைச் சந்தித்தவுடன் 'க்ளாட் டு மீட் யூ'. பேசி முடித்து விடைபெறும்போது 'க்ளாட் டு ஹேவ் மெட் யூ'. நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் இளைஞர்கள் இவ்விரண்டையும் இடமறிந்து சொன்னால் நற்பெயர் கிட்டும்.

ஏக்கம்

மூன்றாவது, நடவாமற்போனதைச் சொல்வது. "நீ முன்பே சொல்லியிருக்க வேண்டும்" என்பது 'யூ ஷுட் ஹேவ் டோல்ட் மீ'. சற்று அழுத்தமாக 'யூ ஆட் டு ஹேவ் டோல்ட் மீ'. சொல்லவில்லை என்பது அதனுள் அடக்கம். "சொல்லியிருக்கலாம்" என்பது 'யூ குட் ஹேவ் டோல்ட் மீ'. "நான் வந்திருப்பேன், காய்ச்சல் தடுத்துவிட்டது" என்பது 'ஐ வுட் ஹேவ் கம்'. "வந்திருப்பேன்" என்று தமிழில் இருப்பதால் 'ஐ வில் ஹேவ் கம்' என்று எழுதிவிடாதீர்கள். அது வாக்குறுதி, இது நிகழாதது. ஓர் எழுத்தொலி மாறினால் போனது வருவதாகிவிடும்.

காதுக்கு இவை 'ஷுடவ்', 'குடவ்' என்று ஒலிப்பதால், ஆங்கிலேயப் பிள்ளைகளே 'ஹேவ்' எழுத வேண்டிய இடத்தில் 'ஆஃப்' என்று எழுதிவிடுவதுண்டு. நாம் இலக்கணம் அறிந்து எழுதுவதால் இப்பிழைக்கு இடமில்லை.

திட்டமிட்டு நடவாமற்போனதற்கு 'வாஸ் டு ஹேவ்', பன்மையில் 'வேர் டு ஹேவ்'. 1940ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுகள் டோக்கியோவில் நடைபெற இருந்தன, போரினால் நடைபெறவில்லை. 'த 1940 ஒலிம்பிக்ஸ் வேர் டு ஹேவ் பீன் ஹெல்ட் இன் டோக்கியோ'. நடக்கவில்லை என்று தனியே எழுத வேண்டியதில்லை. அந்த எச்சமே அதைச் சொல்லிவிடும்.

இரட்டிப்பைத் தவிர்க்கவும். "போக விரும்பியிருப்பேன்" என்பதற்கு 'ஐ வுட் ஹேவ் லைக்ட் டு கோ' என்பதே போதும். 'ஐ வுட் ஹேவ் லைக்ட் டு ஹேவ் கான்' என்று இரு 'ஹேவ்' அடுக்குவது மிகை.

'ஷுட் ஹேவ்' பிறருக்கு அறிவுரை கூறவும், நம் பிழையை நாம் திருத்திக்கொள்ளவும் ஏற்றது. ஆனால் முடிந்துபோனதை எண்ணி எண்ணி, "அப்படிச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்குமே" என்று புலம்புவது ஷைத்தானின் செயலுக்கு வாயிலைத் திறந்துவிடும் என்று நபிமொழி எச்சரிக்கிறது. 'வுட் ஹேவ்' என்பதை இலக்கணத்திற்காகக் கற்றுக்கொள்வோம். வாழ்க்கையில் அதிகம் தேவைப்படாதிருக்கட்டும்.

பயிற்சி

கீழ்க்கண்ட ஐந்து வாக்கியங்களையும் முதலில் வாக்கா, ஊகமா, ஏக்கமா, கேள்விப்பட்ட செய்தியா என்று பிரியுங்கள். பின்னர் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். வீட்டில் பிள்ளைகளை வட்டமாக அமர்த்தி வாய்விட்டுச் சொல்லச் செய்தால் இன்னும் நன்று.

1. பெருநாளைக்குள் வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்திருப்போம்.
2. விளக்கு எரிகிறது, அவர்கள் வந்திருக்க வேண்டும்.
3. நேற்றே மருந்து வாங்கியிருக்க வேண்டும்.
4. நீ ஊர் திரும்பும்போது தங்கை பத்தாம் வகுப்பை முடித்திருப்பாள்.
5. அவர் தம் நிலத்தை மதரஸாவுக்கு வக்ஃபு செய்ததாகக் கூறப்படுகிறது.

விடைகள்: முதலாவது வாக்கு. 'வி வில் ஹேவ் வைட்வாஷ்ட் த ஹவுஸ் பை ஈத்.' இரண்டாவது ஊகம். 'த லைட் இஸ் ஆன். தே மஸ்ட் ஹேவ் கம்.' மூன்றாவது ஏக்கம். 'வி ஷுட் ஹேவ் பாட் த மெடிசின் எஸ்டர்டே.' நான்காவது எல்லை நாளுடன் கூடிய எதிர்கால நிறைவு, 'வில்' ஒருமுறைதான். 'பை த டைம் யூ ரிட்டர்ன், யுவர் சிஸ்டர் வில் ஹேவ் ஃபினிஷ்ட் த டென்த் ஸ்டாண்டர்ட்.' ஐந்தாவது கேள்விப்பட்ட செய்தி. 'ஹீ இஸ் செட் டு ஹேவ் கிவன் ஹிஸ் லேண்ட் ஆஸ் வக்ஃப் டு த மதரஸா.'

இரண்டாம், மூன்றாம் வாக்கியங்களை மீண்டும் நோக்குங்கள். இரண்டும் தமிழில் "இருக்க வேண்டும்" என்றே முடிகின்றன. ஒன்று வந்துவிட்டதைச் சொல்கிறது. மற்றொன்று வாங்காமல் விட்டதைச் சொல்கிறது. இவ்வேறுபாட்டைத் தாமாகவே கண்டுகொண்ட பிள்ளை இம்மாதப் பாடத்தைக் கற்றுவிட்டது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் 'இஃப்' என்று தொடங்கும் நிபந்தனை வாக்கியங்களைக் காண்போம். அதற்குள் மேற்கண்ட துணைவினைகளை வைத்து நாளுக்கு ஐந்து வாக்கியங்களாவது எழுதிப் பழகுங்கள். பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் அனைவருக்கும் நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.